மறையூர்க் காலைப் புகையும் வீட்டு இருமலும்

கேள்வி: கேரளத்தின் இடுக்கி மலையில் மறையூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். ஒன்றேகால் ஏக்கர் கரும்பு, கொஞ்சம் பூண்டு, பீன்ஸ். மாமியாருக்கு 61 வயது. மூன்று வருஷமாகக் கார்த்திகை பிறந்தால் இருமல் ஆரம்பிக்கிறது, மாசி முடியும்வரை விடுவதில்லை. காலையில் சளி கட்டியாக வருகிறது. தோட்டத்திலிருந்து மேடேறி வந்தால் மூச்சு வாங்குகிறது. பீடி, சுருட்டு எதுவும் அவருக்குப் பழக்கம் கிடையாது. என் பையனுக்கு 9 வயது. விடிகாலை நாலு, அஞ்சு மணிக்கு இருமிக்கொண்டே எழுந்து உட்காருகிறான். நெஞ்சில் விசில் மாதிரி சத்தம் கேட்கிறது. அவனுக்கு ஆஸ்துமா என்று சொல்லி இரண்டு பம்ப் (இன்ஹேலர்) கொடுத்தார்கள். பழகிவிடுமோ என்ற பயத்தில் ரொம்பச் சிரமமான நாளில் மட்டும் நீல பம்பைப் போடுகிறோம். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் பெரியப்பாவின் வெல்லம் காய்ச்சும் கரும்பாலை இருக்கிறது. சமையல், வெந்நீர் எல்லாம் விறகடுப்புதான். கேஸ் உண்டு, விருந்தாளி வந்தால் டீ போட. போனில் காற்றுத் தரம் பார்த்தால் எப்போதும் பச்சை, மிஞ்சினால் மஞ்சள். ஊரே மலைக்காற்றைத் தேடி இங்கே வரும்போது எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி? பனி ஒத்துக்கொள்ளவில்லை, கீழே சமவெளியில் இருக்கும் உடுமலைக்கு இறங்கிவிடுங்கள் என்கிறார் என் அண்ணன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இறங்கிவிடலாமா டாக்டர்?

பெயர் வேண்டாம் என்று கேட்ட ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

குத்தகைப் பேச்சை இந்த ஒரு குளிர்காலம் தள்ளி வையுங்கள். உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பனியைப் பற்றிக் கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். அடுப்பையும் ஆலையையும் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அந்த இரண்டு வரிகளில்தான் கண் நின்றது. ஊரின் காற்று மொத்தமும் கெட்டுப்போனதால் உங்கள் வீட்டில் இருமல் வரவில்லை. விடிவதற்குக் கொஞ்சம் முன்பிலிருந்து காலை ஒன்பது, ஒன்பதரை வரைக்கும், வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றிக் கூப்பிடு தூரத்துக்குள்ளும் நீங்கள் சுவாசிக்கும் காற்றுதான் கெட்டிருக்கிறது. அந்த அடுப்பை அப்படியே உடுமலைக்குத் தூக்கிக்கொண்டு போனால் இருமலும் கூடவே இறங்கி வரும்.

உடுமலையில் நெஞ்சு நோய் மருத்துவராக இருக்கிறேன். சின்னாறு காட்டு வழியாக இறங்கி வரும் மறையூர், காந்தல்லூர்க்காரர்களைப் பல வருஷங்களாகப் பார்த்துவருகிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இவ்வளவு உறுதியாக எழுதுகிறேன். நேரில் சோதிக்காமல் முடிவு சொல்லக் கூடாத விஷயங்களும் உண்டு, அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தப் போன். அது காட்டும் எண் பொய்யில்லை, ஆனால் உங்கள் ஊரில் அளந்த எண்ணாக இருக்க வாய்ப்பு குறைவு. அளக்கும் கருவி பக்கத்தில் இல்லாத இடங்களுக்குச் செயற்கைக்கோள் தகவலையும் கணினிக் கணக்கையும் வைத்து ஓர் எண்ணைப் போடுவார்கள். அந்தக் கணக்கில் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். உலகம் முழுவதற்கும் போடும் கணக்குகளில் ஒரு கட்டம் 40 கிலோமீட்டர் அகலம்கூட இருக்கும். அவ்வளவு பெரிய கட்டத்துக்குள் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும் அடங்கும், கீழே அமராவதி அணையும் அடங்கும். நடுவில் பாம்பாற்றுப் பள்ளத்தில் உங்கள் தெருவில் தேங்கி நிற்கும் காலைப் புகை அதில் எங்கே தெரியும்?

அப்படியே ஊர் நடுவில் ஒரு கருவி வைத்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் நாட்டின் காற்றுத் தரக் குறியீடு 2015-ல் வந்தது. 2.5 மைக்ரானுக்குக் குறைவான நுண்துகள்தான் நுரையீரலின் கடைசிக் கிளைவரை போய்ப் படிவது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு இருக்கும். இந்தத் துகளுக்குக் குறியீட்டில் எடுப்பது 24 மணி நேரச் சராசரி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது வரை ஒரு கன மீட்டர் காற்றில் 150 மைக்ரோகிராம் துகள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி இருபது மணி நேரமும் வெறும் 20. சராசரி எடுத்தால் 42-க்குள் முடிந்துவிடும். நம் குறியீட்டில் 31 முதல் 60 வரை 'திருப்தி' வகை. அந்த நாளுக்குத் 'திருப்தி' என்று பெயர், உங்கள் பையன் மூச்சு விட்டதோ அந்த 150-ல். இதே 42 அமெரிக்க அளவுகோலில் எளிதில் பாதிக்கப்படுவோருக்கு ஆகாத ஆரஞ்சு நிறத்துக்குப் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் 24 மணி நேரத்துக்கு வைத்த வரம்பு 15. ஆகவே உங்கள் செயலி எந்த நாட்டு அளவுகோலில் நிறம் காட்டுகிறது என்று அமைப்புகளில் ஒருமுறை பாருங்கள். அதற்குமேல் அதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். கடிகாரத்தையும் புகைக்கூண்டையும் பாருங்கள், அவை அதைவிடச் சரியாகச் சொல்லும்.

புகைக்கூண்டு எப்படிச் சொல்லும் என்று விளக்குகிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிரமம் குறையும்.

மலையில் மேலே போகப்போகக் குளிரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். இது பகல் நேரத்துக் கதை. மார்கழி, தை மாதங்களில் மேகமில்லாத இரவில் நிலம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் போர்வை மாதிரி அந்தச் சூட்டைத் தடுக்கும். போர்வை இல்லாத இரவில் சரிவுகளில் உள்ள காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீர் ஓடுவது மாதிரியே மெல்ல வழிந்து பள்ளத்தில் சேர்கிறது. காந்தல்லூர்ச் சரிவிலிருந்தும் சுற்றியுள்ள மலைகளிலிருந்தும் இறங்கும் குளிர் முழுவதும் மறையூர் வயல்வெளியில் குளம் கட்டி நிற்கும். அதற்கு மேலே ஓர் அடுக்கு, கீழே இருப்பதைவிடச் சூடாக. வழக்கத்துக்கு நேர்மாறு. அடுப்பிலிருந்து கிளம்பும் புகை கொஞ்ச உயரம் ஏறுவதற்குள் ஆறிவிடுகிறது. மேலே இருப்பது தன்னைவிட லேசான சூட்டுக்காற்று என்பதால் அதைத் தாண்டிப் போக முடிவதில்லை. பானைக்கு மூடி போட்ட கதைதான். ஐந்து மணிக்குப் பற்றவைத்த அத்தனை அடுப்பின் புகையும், ஆலைப் புகையும் அந்த மூடிக்கடியில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. வெயில் ஏறி நிலம் சுட்டபிறகுதான், ஒன்பது பத்து மணிவாக்கில், மூடி உடைகிறது.

நாளைக் காலை வாசலில் நின்று எதிர்வீட்டுப் புகையைப் பாருங்கள். நேராக எழும்பி, தென்னை உயரத்தில் யாரோ கையால் அமுக்கினதுபோல் வளைந்து படுக்கையாகப் பரவினால் மூடி போட்டிருக்கிறது என்று அர்த்தம். மேலே போய்க் கலைந்து காணாமல் போனால் பயமில்லை. முந்தின இரவே சொல்லிவிடலாம்: வானம் கழுவிவிட்டதுபோல் நட்சத்திரமாக இருந்து, இலை அசையாமல், புல்லில் பனி இறங்கியிருந்தால் மறுநாள் காலை புகை தங்கும்.

பனி வேறு, புகை வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் பழி முழுவதும் பனியின் தலையில் விழுகிறது. பனி வெறும் நீர்த்துளி. வெள்ளையாக இருக்கும், வாசனை இருக்காது, கண் எரியாது. லேசான நீலமோ பழுப்போ கலந்து, கரிவாடை வீசி, கண்ணைக் கரித்தால் அது புகை. குளிர்ந்த காற்று உங்கள் பையனின் மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்பது உண்மைதான், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு விடிகாலையில் அது இயல்பாகவே கொஞ்சம் சுருங்கவும் செய்யும். ஆனால் அதே விடிகாலை நாலு, அஞ்சு மணிக்குத்தான் வெந்நீர் அடுப்பும் பற்றுகிறது. பனிக்கு மப்ளர் கட்டுகிறீர்கள், புகைக்கு என்ன கட்டினீர்கள்?

ஒரு சின்ன எச்சரிக்கை. சில பள்ளிகளிலும் ஹோம்ஸ்டேகளிலும் உள்ளங்கை அளவுக் கருவி வாங்கி மாட்டுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்த மலிவுக் கருவிகள் ஈரம் மிகுந்த காலையில் பனித்துளியையும் தூசியாக எண்ணி எண்ணைக் கூட்டிக் காட்டும். பனிமூட்டத்தில் அது 200 காட்டினால் பதறவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். மூட்டம் விலகிய நேரத்து எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இருமல் கார்த்திகையில் ஆரம்பித்து மாசியில் முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு எனக்கு ரொம்ப உதவியது. மூணாறு நனைந்து ஊறும் ஆனி, ஆடியில் மறையூருக்குக் காற்றும் சாரலும்தான் வரும், ஏனென்றால் நீங்கள் மலையின் மழைமறைவுப் பக்கம் இருக்கிறீர்கள். சின்னாறு பக்கம் வருஷத்துக்கு 500 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பெய்கிறது. உங்களுக்கு முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த மழை ஓயத் தொடங்கி வானம் தெளியும்போது தெளிந்த இரவுகளும் கூடவே வந்துவிடுகின்றன, மூடியும் விழுகிறது. மாமியாரின் இருமல் தொடங்குவது அப்போதுதான். மாசிக்குப் பிறகு பள்ளத்துக் குளிர் குறைந்தாலும் வேறொரு புகை வரும்: காய்ந்த புல், கரும்புச் சோகை (காய்ந்த கரும்புத் தோகை), காட்டுத்தீ. மாசி, பங்குனியில் சின்னாறு பக்கம் புல்வெளி தீக்குச்சிக்குக் காத்திருக்கும். பகலில் கீழிருந்து மேலே வீசும் காற்று அந்தப் புகையைக் காந்தல்லூருக்கு ஏற்றும், ராத்திரி அதே புகை திரும்ப உங்களிடம் இறங்கும். அந்த நாட்களில் மட்டும் 'காலை கெட்டது, பகல் நல்லது' என்கிற என் கணக்கு செல்லாது, அன்றைக்கு நாள் முழுக்கக் கதவைச் சாத்தியே இருங்கள். சோகையைக் கொளுத்தாமல் கரும்பு வரிசைகளுக்கு இடையில் பரப்பினால் ஈரமும் நிற்கும், களையும் குறையும். உங்கள் வயலிலாவது இதைச் செய்யுங்கள்.

காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் வெளிக்காற்று வருஷத்திலேயே சுத்தமாக இருக்கும். அப்போதும் வீட்டில் யாராவது இருமினால், கதவு ஜன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு உள்ளே அடுப்பெரிக்கிறீர்கள் என்று அர்த்தம். அல்லது ஈரச்சுவரில் பூஞ்சை. இரண்டையும் பாருங்கள்.

இனி அடுப்பு. இதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மறையூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். உங்கள் மாமியார் வயதுதான் இருக்கும். அதே இருமல், அதே மூச்சுவாங்கல். மருந்து எழுதிக் கொடுத்து, "புகையைத் தவிர்த்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். வீட்டில் எந்த அடுப்பு, சமையலறைக்கு ஜன்னல் உண்டா, வெந்நீர் எங்கே வைக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. மூன்று வருஷம் கழித்து நாலு எட்டு நடந்தாலே ஆக்சிஜன் இறங்கும் நிலையில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புகை என்று நான் சொன்னதை அவர் பீடி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார், பீடிதான் குடிப்பதில்லையே என்று நிம்மதியாக இருந்திருக்கிறார். அது என் தவறு. அன்றிலிருந்து யார் வந்தாலும் முதல் கேள்வி அடுப்புதான்.

விறகடுப்பு எரியும் அடைந்த சமையலறையில் நுண்துகள் பல நூறு மைக்ரோகிராமை எளிதாகத் தாண்டும். டெல்லியில் செய்தியாகும் அளவு அது. வீட்டுக்குள் எரிபொருள் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. உங்கள் மாமியார் இந்த வீட்டுக்கு வந்து எத்தனை வருஷமாக அந்த அடுப்பின் முன் உட்கார்ந்து ஊதியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். பீடியைத் தொடாத பெண்களுக்கு நாட்பட்ட மூச்சடைப்பு நோய் வர நம் ஊர்ப்பக்கம் முதல் காரணம் இதுதான்.

அடுப்பை ஒரே நாளில் இடித்துப்போடச் சொல்லவில்லை. சிலிண்டர் விலையும், மலை ஏறி வரும் கூலியும் எனக்குத் தெரியும். இருக்கிற சிலிண்டரைச் சரியான நேரத்தில் செலவழியுங்கள் என்றுதான் சொல்கிறேன். விருந்தாளிக்கு டீ போட வைத்திருக்கும் கேஸைக் காலை ஐந்திலிருந்து ஒன்பது வரையிலான சமையலுக்கு மாற்றுங்கள். மூடி போட்டிருக்கும் நேரம் அது, வெளியேயும் போக முடியாமல் புகை உள்ளேயே சுற்றும் நேரம். மதியச் சமையலை விறகில் செய்தால் அவ்வளவு கெடுதல் இல்லை, காற்று நடமாட்டம் இருக்கும். இரவுச் சாப்பாட்டை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள், பொழுது சாய்ந்ததும் மூடி திரும்ப விழத் தொடங்கும்.

அப்புறம் வெந்நீர். குளிர்காலத்தில் சோறு பொங்குவதைவிட வெந்நீருக்குத்தான் விறகு அதிகம் போகிறது. அந்த அடுப்பை வீட்டுக் கூரைக்கு வெளியே, பையன் படுக்கும் அறை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோங்கள். குளியலைப் பத்து மணிக்குத் தள்ள முடிந்தவர்கள் தள்ளட்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை சாயங்காலமே குளித்துவிடலாம், தினமும் விடிகாலையில் தலைக்கு ஊற்ற வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. வெயில் உங்களுக்குக் குறைவில்லை. மதியம் கருப்புக் குடத்தில் தண்ணீர் நிரப்பி முற்றத்தில் வைத்தாலே சாயங்காலத்துக்குக் குளிர் விட்டிருக்கும்.

விறகும் ஒரு காரணம். கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரத்தை வெட்டிய ஈரத்தோடு அடுப்பில் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஈர விறகு முதலில் தன் தண்ணீரைக் கொதிக்கவைக்கத்தான் சூட்டைச் செலவழிக்கும், அதுவரை நன்றாக எரியாமல் புகைந்துகொண்டே இருக்கும். ஒரு கோடை முழுக்கக் காய்ந்ததை மட்டும் எரியுங்கள். கூரை போட்டு, பக்கம் திறந்து, இடைவெளி விட்டு அடுக்கினால் மழைக்காலத்திலும் நனையாது. கேரளத்தில் 1980-களிலேயே சாஸ்திர சாகித்ய பரிஷத் என்கிற மக்கள் அறிவியல் இயக்கத்தின் ஆட்கள் வீடு வீடாகப் போய்ப் புகைக்கூண்டு வைத்த பரிஷத் அடுப்பைக் கட்டிக் கொடுத்தார்கள். உங்கள் பஞ்சாயத்தில் பழைய வீடுகளில் இன்னும் ஒன்றிரண்டு இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். குழாய் கூரை முகட்டைவிட உயரமாக இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை கரி தட்ட வேண்டும். கரி அடைத்த குழாய், குழாய் இல்லாததற்குச் சமம்.

இன்னொன்று, இதை மறந்துவிடாதீர்கள். ராத்திரிக் குளிருக்குக் கரி நெருப்புச் சட்டியைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, இருமலும் வராது. தூக்கத்திலேயே உயிர் போகும். மலையூர்களில் போயிருக்கிறது.

ஆலையைப் பற்றி எழுதக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அது உங்கள் சோறு. மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். ஆலையை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் பெரியப்பாவிடம் நீங்கள் பேசலாம். புதிதாகப் பிழிந்த சக்கையில் பாதிக்குப் பாதி தண்ணீர். அதை அரைகுறையாகக் காயவைத்துத் தள்ளினால் வருவது அந்த அடர்ந்த வெள்ளைப் புகை. நன்றாகக் காய்ந்த சக்கை தெளிவாக எரியும், கொப்பரையும் சீக்கிரம் கொதிக்கும், சக்கையும் மிச்சமாகும். பெரியப்பாவுக்கு இந்தக் கடைசிக் காரணம்தான் பிடிக்கும், அதிலிருந்தே பேச்சை ஆரம்பியுங்கள். இரண்டாவது, புகைக்கூண்டின் உயரம். மூன்றாவதுதான் கஷ்டமானது: புகை படுக்கும் காலைகளில் முதல் கொப்பரையை நாலு மணிக்குப் பதில் எட்டு மணிக்கு ஏற்றுவது. கூலி ஆட்கள் நேரம், வண்டி நேரம் எல்லாம் இடிக்கும் என்று தெரியும். தை மாதம் முழுக்க வேண்டாம், நட்சத்திரம் தெளிந்த இரவுக்கு மறுநாள் மட்டும். பழைய ரப்பர், பிளாஸ்டிக் எதையும் அந்த அடுப்பில் போடவே கூடாது. அடுப்பு தள்ளும் ஆட்கள்தான் எல்லோரைவிடவும் அதிகம் சுவாசிக்கிறார்கள், அவர்களுக்கு என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். துண்டையோ துணி மாஸ்க்கையோ கட்டுவதால் நுண்துகள் நிற்காது.

இப்போது மருத்துவம். மாமியாருக்கு முதலில் சளிப் பரிசோதனை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் யாராக இருந்தாலும் காசநோய் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் மற்றது. பயப்பட ஒன்றுமில்லை, அரசு மருத்துவமனையில் இலவசம், இருந்தாலும் முழுக்கக் குணமாகும். அது இல்லையென்றால் ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதும் பரிசோதனை. வருஷத்தில் மூன்று மாதம் சளியோடு இருமல், அடுத்தடுத்து இரண்டு வருஷம் என்றாலே நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி என்று நாங்கள் பெயர் வைப்போம். அவர் அதைத் தாண்டிவிட்டார். கேரளத்தின் குடும்பாரோக்கிய கேந்திரங்களில் இதற்கென்றே ஸ்வாஸ் கிளினிக் நடத்துகிறார்கள். உங்கள் பக்கத்தில் எங்கே, எந்தக் கிழமை என்று ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா வொர்க்கரிடம் கேளுங்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும்: மூச்சடைப்பு நோய் என்றால் இதுவரை போன நுரையீரல் முழுக்கத் திரும்பாது. புகையை நிறுத்தினால் மேற்கொண்டு போவது மெதுவாகும், மருந்தால் மேடேறும் சிரமம் குறையும். குளிர் தொடங்குமுன் ஃப்ளூ தடுப்பூசி போடுங்கள், நிமோனியா தடுப்பூசியையும் கேளுங்கள். சளியில் ரத்தம், எடை குறைவு, கால் வீக்கம் எது இருந்தாலும் நாள் கடத்த வேண்டாம்.

பையன் விஷயத்தில் நீங்கள் செய்வது தலைகீழ். அவனுக்குக் கொடுத்த இரண்டில் நீலம் அந்த நேரத்து இறுக்கத்தைத் தளர்த்துவது. மற்றொன்று அநேகமாக மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணிப்பதாக இருக்கும். அதை நன்றாக இருக்கும் நாளிலும் தினமும் போட வேண்டும், போட்டபின் வாய் கொப்பளிக்க வேண்டும். நீல பம்ப் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். பழகிவிடும் என்ற பயத்துக்கு ஒரு கணக்கு: நீல பம்பில் இருக்கும் சால்பியூட்டமால் மருந்தே மாத்திரையாக வந்தால் ஒன்று 4 மில்லிகிராம், பம்பில் ஒரு அழுத்து 100 மைக்ரோகிராம். நாற்பது அழுத்து சேர்ந்தால்தான் ஒரு மாத்திரை. மாத்திரைக்குப் பயப்படாமல் பம்புக்குப் பயப்படுகிறோம். ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் கூண்டு வைத்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் மருந்தில் பாதிக்கு மேல் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். நெஞ்சில் தைலம் தேய்ப்பது, தைலம் விட்டு ஆவி பிடிப்பது இரண்டும் அவனுக்கு வேண்டாம், சில பிள்ளைகளுக்கு அந்த நெடியே இழுப்பைக் கொண்டுவரும். அவன் அறையில் கொசுவர்த்தியும் வேண்டாம். விளையாட்டை நிறுத்தாதீர்கள். காலை ஓட்டத்தைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றுங்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, விலா எலும்புக்கிடையில் தோல் உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ நீல பம்பை ஸ்பேசரில் போட்டுக்கொண்டே உடனே புறப்படுங்கள். உங்களுடையது யானை நிற்கும் பாதை, விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. எத்தனை அழுத்து, எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை என்று உங்கள் டாக்டரிடம் தாளில் எழுதி வாங்கிச் சமையலறைக் கதவில் ஒட்டிவையுங்கள்.

இனி உங்கள் அண்ணனுக்குப் பதில். மறையூர் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடச் சுமார் 11 சதவீதம் குறைவு. அது உங்கள் மாமியாருக்குக் கொஞ்சம் தெரியலாம், பையனுக்குத் தெரியாது. உடுமலையில் இருக்கிற எனக்குத் தெரியும், இங்கே காலைப்புகை குறைவுதான், பதிலுக்கு ரோட்டுத் தூசியும் வண்டிப்புகையும் பகல் முழுக்க இருக்கின்றன. ஒரு குளிர்காலம் அடுப்பையும் பம்பையும் மாற்றிப் பாருங்கள். ஒரு நோட்டில் தினமும் மூன்று விஷயம் எழுதுங்கள்: காலைப் புகை படுத்ததா எழுந்ததா, மாமியார் எத்தனை முறை இருமி எழுந்தார், பையனுக்கு நீலம் தேவைப்பட்டதா. மாசி முடிவில் அந்த நோட்டு சொல்லும், இறங்குவதா இருப்பதா என்று. புகை குறைந்த பிறகும் மாமியாருக்கு ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போனால் அப்போது அவர் மட்டும் குளிர் மாதங்களில் கீழே வந்து இருப்பதைப் பேசலாம். அதற்கு நிலத்தை விட வேண்டியதில்லை.

ஊதும் பரிசோதனைக்குப் போகிற அன்று காலையில் அவருக்குப் பம்ப், மாத்திரை ஏதாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் எதை எத்தனை மணி நேரம் நிறுத்தி வைக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், மூச்சு முட்டினால் நிறுத்தக் கூடாது. பையனையும் கூட்டிப்போங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் சரி, அவனுடைய இரண்டு பம்பையும் ஸ்பேசரையும் கையோடு எடுத்துப்போய், அவர் முன்னால் ஒருமுறை அவனையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலர் மருந்தை நாக்கில்தான் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.